மூன்று பேருக்கு வெட்டிய குழி

1965 செப்டம்பர். வானத்தில் விமானம் இரைந்துகொண்டிருந்தது. பதுங்குகுழிக்குள் என் மகள் ராணியின் தலைக்கு மேலே மண்சுவரில் ஒரு வெடிப்பு விரிந்திருந்தது. விமானத்தைவிட அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு கிணறு வெட்டும் இடங்களில் மண் சுமந்தேன். என் வீட்டுக்காரர் குளத்தூர்க்காரர், உப்பளத் தொழிலாளி. குஜராத்தில் ஜாம்நகர் பக்கத்து உப்பளம் ஒன்றில் மேஸ்திரி வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனோம். நானும் ஆறு வயது ராணியும் ஊருக்குள் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அவர் வாரம் முழுக்க அளத்தில் இருப்பார், சனிக்கிழமை வருவார். பாகிஸ்தானோடு சண்டை தொடங்கிய வாரம் அவர் வரவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக்கூட எனக்கு ஆள் இல்லை.

கோவில்பட்டியில் மில் சங்கு ஊதினால் சோற்று வாளியைத் தேடுவோம். அங்கே சங்கு ஊதினால் பிள்ளையைத் தேடினோம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். இருட்டுவதற்குள் உலையை இறக்கி அடுப்பை அணைத்தோம். எங்கள் வரிசையில் எட்டு வீடு. எல்லாரும் சேர்ந்து கொல்லைப்பக்கம் ஒரே நாளில் குழி வெட்டினார்கள். ஆள் உயரம், ஒடுக்கம், இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதல் தடவை சங்கு ஊதி அதற்குள் இறங்கியபோதுதான் ராணியின் தலைக்கு மேலே அந்த வெடிப்பைப் பார்த்தேன்.

ஆனால் அது கரிசல் மண். ரயிலை விட்டு இறங்கிய அன்றே அதை அடையாளம் கண்டுகொண்டேன். கரிசல் வெயிலில் கல், மழையில் கூழ். நேராக வெட்டினால் ஒரு நல்ல மழைக்குத் தாங்காது, பக்கம் சரிந்துவிடும். வாயை அகலமாக வைத்துச் சாய்வாக வெட்ட வேண்டும்.

அடுத்த வீட்டு ஜெயாபென்தான் அந்த வரிசைக்கே பெரியவர். என் அரைகுறை இந்தியிலும் கையிலும் விளக்கிச் சொன்னேன். குழியா வெட்டச் சொல்கிறாய், குளமா என்று கேட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் கோபம் நம் சபையார் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அன்று சமையலறையில் முழங்கால் போட்டேன். என்ன ஜெபித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, எனக்கும் பிள்ளைக்கும் ஒரு இடம் தாரும். அவர் வந்தால் அவருக்கும். மூன்று பேருக்குப் போதும். சிரித்தவர்கள் பாட்டை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்." இப்படித்தான் ஜெபித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் என் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியைப் போட்டேன். மத்தியானத்துக்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். குழி முழங்கால் அளவுதான் இறங்கியிருந்தது. மண்மேட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். "ஒரு ஆளையாவது அனுப்பும்" என்று கேட்டேன்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. காதர் அண்ணாச்சி நின்றார். கயத்தாற்றுக்காரர். ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருந்தார்.

"தங்கச்சி, ஒம் வீட்டுக்காரர் சொல்லி விட்டாவ. அவியளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காவ. ஓடையில தண்ணி நிக்கி, வடிஞ்சதும் வருவாவ. ஆமா, நீ என்ன செய்யுத? கெணறு வெட்டுதியா?"

நான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி சைக்கிளில் போட்டுவிட்டு மண்வெட்டியை வாங்கினார்.

"மூணு பேருக்குன்னு சொல்லுத. கல்யாணப் பந்தல் அகலத்துக்குல்லா கோடு போட்டிருக்க?"

"கரிசல் அண்ணாச்சி. சின்னதா வெட்ட விடாது."

"அது சரிதான். எங்க ஊரு மண்ணும் இதே பிடிவாதம்தான்" என்றார்.

மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து வெட்டினார். சாய்ந்த பக்கங்களில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை அடுக்கினோம். இறங்கப் படி வைத்தோம். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிலும் வரப்புக் கட்டினோம். வேலை முடிந்த அன்று மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. சாயங்காலம் நாலு மணி இருக்கும், சங்கு ஊதியது. ராணியைத் தூக்கிக்கொண்டு என் குழிக்குள் இறங்கினேன். வரப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எல்லாரும் அந்த நேர்க்குழியைப் பார்த்து ஓடினார்கள். அதற்குள் முழங்கால் தண்ணீர். ஒரு பக்கச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

சிரித்தார்களே என்று ஒரு நொடி நினைத்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக. அடுத்த நொடி ராணியை உட்கார வைத்துவிட்டு மேலே ஏறி ஓடினேன். ஜெயாபென் ஒரு காலைக் குழிக்குள் வைத்துவிட்டார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இந்தி எல்லாம் மறந்துபோனது.

"யக்கா, அதுல எறங்காதீங்க! சரியுது, சரியுது! எல்லாரும் இங்கன வாங்க!"

அவர் கையை உதறினார். நான் விடவில்லை. அந்த நேரம் சுவரிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். எல்லாரும் என் பின்னால் ஓடிவந்தார்கள்.

எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. அதோடு பக்கத்தில் பொத்தென்று ஒரு பெரிய சத்தம். ராணி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எங்கள் சுவரில் ஒரு பிடி மண்கூட உதிரவில்லை.

ஆபத்து நீங்கிய சங்கு ஊதியதும் மேலே வந்து பார்த்தோம். நேர்க்குழி இருந்த இடத்தில் குழியே இல்லை. ஒரு பக்கம் முழுக்கச் சரிந்து மூடியிருந்தது. ஜெயாபென் சேற்றிலேயே உட்கார்ந்து, கொப்புளம் உடைந்த என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். தலையை எண்ணினோம். கைக்குழந்தை இரண்டையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

ஓடை வடிந்ததும் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். குழியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏட்டி, நம்ம மூணு பேருக்கா இம்புட்டு அகலம்?"

"நான் மூணு பேருக்குத்தான் கேட்டேன்" என்றேன்.

இப்போது கோவில்பட்டிக்கே திரும்பிவிட்டோம். ராணி மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். முன்பெல்லாம் என் ஜெபத்தில் மூன்று பெயர்தான் இருக்கும். இப்போது காதர் அண்ணாச்சி, ஜெயாபென், அந்த எட்டு வீட்டுக்காரர்கள் எல்லாரையும் சொல்லி முடிப்பதற்குள் உலை பொங்கிவிடுகிறது. பொங்கட்டும்.

உங்கள் வீட்டில் என்ன ஆபத்தோ எனக்குத் தெரியாது. பயப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள். நீங்கள் கேட்டதைவிட அகலமாக வெட்ட வைத்தால் முணுமுணுக்காதீர்கள். அதற்குள் யார் யார் வரவேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.