வில்லரேயில் அடிமை முறையை ஒழித்த சனிக்கிழமை

சனிக்கிழமை நண்பகல், ஆற்றுக்கு இக்கரைப் புறநகரான லொங்குய்யில் மகன் வீட்டிலிருந்து கிளம்பினேன். மஞ்சள் தடத்து மெட்ரோ ஆற்றுக்கு அடியில் புகுந்து மூன்றாவது நிலையத்தில் இறக்கிவிட்டது. அங்கே ஆரஞ்சுத் தடத்துக்கு மாறி ஜாரி நிலையம். வெளியே நல்ல பனி. என் செருப்பைப் பார்த்து மருமகள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

நிலையத்தை ஒட்டிய வில்லரே பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். பட்டிமன்றத்துக்குப் பேர்போன நம்ம பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்தவன் என்பதால் என்னை நடுவராக்கிவிட்டார்கள். தலைப்பு: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்திருக்க வேண்டியது உடனடியாகவா, படிப்படியாகவா? அணிக்கு இரண்டு பேர். யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது அவர்கள் வழக்கம்.

புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் வசந்திக்குப் 'படிப்படி' விழுந்தது. அவர் கணவர் குகனுக்கு 'உடனடி'. வடையும் தேநீருமாக நின்ற என்னிடம் வசந்தி வாடிய முகத்தோடு வந்தார்.

"ஐயா, அடிமையாக் கிடக்கிற சனத்தைப் பொறுங்கோ எண்டு நான் எப்பிடிக் கதைக்கிறது? மனம் கேக்குதில்லை."

"உங்களை ஒரு வக்கீலா நினைச்சுப் பேசிடுங்கம்மா," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

குகன் முதலில் பேசினார். விடுதலைக்குத் தவணை முறை கிடையாது என்றதும் பலத்த கைத்தட்டல். அடுத்து வசந்தி.

"உடன எண்டால் சண்டை வரும் எண்டு அண்டைக்கே பயந்தவை. வந்தது. சண்டை எண்டால் என்ன எண்டு எனக்குத் தெரியும். பதுங்குகுழிக்குள்ள இருந்து படிச்சனான்."

இந்த அணிதான் ஜெயிக்கப்போகிறது என்று நினைத்தேன். அவரோ பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"ஆனா சண்டைக்குப் பயந்து, விலங்கோட கிடக்கிறவனைப் பொறு எண்டு சொல்ல என்னால ஏலாது. விலங்கு பூட்டினவன்தான் இறங்கி வர வேணும்."

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரணிப் பக்கம் நடந்தார். குகன் அவசரமாக நகர்ந்து இடம் கொடுத்தார். 'படிப்படி' அணியில் கணக்காளர் சிவா மட்டும் மிச்சம்.

"நடுவர் ஐயா, நான் தனிய இருந்து என்ன செய்யிறது?"

"உங்க மனசு என்ன சொல்லுது?"

"ஓம், நானும் போறன்," என்று அவரும் நாற்காலியைத் தூக்கினார். சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது.

எங்கள் ஊரில் நடுவர் இரு தரப்பையும் பாராட்டிப் பூசி மெழுகித்தான் தீர்ப்பு சொல்வார். எனக்கு அந்த வேலையே வைக்கவில்லை. மாலையில் மெட்ரோவில் திரும்பும்போதும் சிரித்துக்கொண்டே வந்தேன். ஆற்றுக்கு அடியில் வரும்போது சிரிப்பு நின்றது. அந்தக் கால அமெரிக்கச் சபைகளிலும் வருடக்கணக்கில் இதையேதான் பேசினார்கள். எழுந்து வந்திருக்க வேண்டியவர்கள் நாற்காலியை விடவில்லை. போர் வந்துதான் அவர்களை எழுப்பியது.