இருபுறமும் கண்ணாடி

எங்கள் ஊர்க் கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை யாரும் வாங்காததால்தான் நான் நாணயம் சேர்க்கவே ஆரம்பித்தேன். ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கத்திலிருந்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவள் நான். கடையில் வாங்கவில்லை என்று யாராவது அலுத்துக்கொண்டால் நாணயத்தை வாங்கிக்கொண்டு நோட்டு கொடுத்துவிடுவேன். வீட்டில் வந்து பார்த்தால் ஒன்றில் பார்லிமெண்டு கட்டடம், ஒன்றில் யோகா செய்யும் உருவம், இன்னொன்றில் அம்மன். ஏதேதோ நிகழ்வுகளின் நினைவாக அரசாங்கமே வெளியிட்டவை. செலவழிக்க மனம் வரவில்லை.

திருப்பதியில் ஓர் ஆல்பம் வாங்கி, அதன் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு பீரோவில் வைத்தேன். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது உறைகள் பிசுபிசுத்தன. நாணயங்களின் மஞ்சள் வளையத்தில் பச்சைப் படலம். பதறிப்போய் புளியும் நாரும் எடுத்து ஒன்றைத் தேய்த்தேன். பளபளத்தது, ஆனால் முகமெல்லாம் கீறல். அதோடு நிறுத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு மறுபடி திருப்பதிக்குப் போய், பழைய நாணயம் விற்பவர் ஒருவரிடம் காட்டினேன். "தேய்க்கவே கூடாதும்மா. பச்சை புடிச்சதுக்கு இந்த மெத்துமெத்துன்னு கீற பிளாஸ்டிக்தான் காரணம்" என்றார். மீதியை அசிட்டோன் என்ற திரவத்தில் நனைத்தெடுத்தார். படலம் பெரும்பாலும் போய்விட்டது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருப்பது தெரியும் கெட்டியான வட்டக் கூடு வாங்கி வந்தோம்.

அதன்பிறகு பீரோவில் அடைக்கப் பிடிக்கவில்லை. கணவர் கெட்டி அட்டையில் வட்டமாக ஓட்டைகள் வெட்டி, கூடுகளை அவற்றில் பொருத்தி, மரச்சட்டம் அடித்தார்.

"பின்னாடி பலகை வெச்சிட்டா அந்தப் பக்கம் எப்பிடிப் பாக்கறது?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுடலாம், வுடு" என்றார்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஓர் அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். ஒருநாள் காலை, ஒடிசாவிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி டீக்கும் பன்னுக்கும் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினாள். அக்கா வேண்டாமென்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிக் கையை ஆட்டினார்.

"வத்து, வத்து. இது செல்லாதும்மா. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு படம். எது நெஜம், எது டூப்புன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அந்தப் பெண்ணுக்குப் பேச்சு புரியவில்லை, கையாட்டல் புரிந்தது. ஒன்றும் வாங்காமல் நகர்ந்துபோய் பஸ்ஸுக்காக நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்துத் தெருதான் வீடு. ஓடிப்போய், தொங்கவிட்டிருந்த சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

"அக்கா, இத்தப் பாரு. படமெல்லாம் வேற வேறதான். இப்ப திருப்பறேன், பாரு."

அக்கா குனிந்தார். கண்ணாடியின் மேல் விரலை வைத்து வரிசையாக நகர்த்தினார்.

"எல்லாத்துலயும் சிங்கம் கீதே!"

"அத்தான் சொல்றேன். அது கவர்மெண்டு முத்திரை. அது மாறாது."

அக்கா நிமிர்ந்தார். பிறகு அந்தப் பெண்ணைக் கைதட்டிக் கூப்பிட்டு, நாணயங்களை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு டீயும் பன்னும் கொடுத்தார். என் பக்கம் திரும்பி, "சரக்கு போடற மார்க்கெட்காரன் வாங்கலன்னா நீதான் வந்து பேசணும்" என்றார். சட்டத்தைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகவும் சொன்னார்.

"ஆவி பட்டா மறுபடி பச்சை புடிச்சிக்கும்கா" என்று தயங்கினேன். அதனால் என்னிடம் இரண்டிரண்டாக இருந்த நாணயங்களை வைத்துக் கணவர் கடைக்காகச் சின்னதாக இன்னொரு சட்டம் செய்தார். அடுப்புக்கு எட்டாத தூரத்தில், வருகிறவர்கள் திருப்பிப் பார்க்கும்படி கயிற்றில் தொங்கவிட்டோம். மார்க்கெட்காரர் வந்து அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அக்கா கொடுத்த நாணயங்களை வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாக் கடைகளும் மாறிவிடவில்லை. எங்கள் தெருமுனை மளிகைக்கடை இன்னும் மறுக்கிறது. டீக்கடை அக்கா மட்டும் இப்போது வரும் நாணயங்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். போன வாரம் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தார்.

"இந்த மாதிரி உங்கிட்ட இல்ல, நான் பாத்துட்டேன்" என்றார்.

உண்மைதான், என்னிடம் இல்லை. நோட்டு கொடுத்து வாங்கி வந்து வீட்டில் காட்டியதும் கணவர் புதிய அட்டையும் கத்தரியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.