ரூத் போடாத கையெழுத்து

கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் களை வெட்டிய தங்கராஜின் மகள் ரூத். வேதியியல் படித்துவிட்டு, ஒரு சர்க்கரை ஆலையின் ஸ்பிரிட் சோதனைக்கூடத்தில் ஏழு வருஷமாக வேலை பார்த்தாள். வேலைதான் தற்காலிகம். வாய்த்துடுக்கு சேர்ந்த அன்றைக்கே நிரந்தரம்.

1996இல், பெட்ரோலில் கலந்து வண்டி ஓட்டுவதற்காக, தண்ணீரே இல்லாத ஸ்பிரிட்டை ஆலை முதன்முதலாக வடித்திருந்தது. அதைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. மேலாளர் அழகிரிசாமி உபசரிப்பில் குறை வைக்காத மனிதர். வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று ஸ்பிரிட் தொட்டியை உள்ளும் புறமும் கழுவி, மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்தார். அடியில் தேங்கிய தண்ணீரை வடிக்க மறந்து, ஸ்பிரிட்டையும் நிரப்பிவிட்டார். தொட்டியிலிருந்து பிடித்த மாதிரி பாட்டில் எல்லோர் கண்ணிலும் படட்டுமென்று அதை வெயிலடிக்கும் ஜன்னலில் வைத்தார். பிறகு, நூற்றுக்கு எத்தனை பங்கு ஸ்பிரிட் என்று காட்டும் ஹைட்ரோமீட்டரைத் தானே அதில் மிதக்கவிட்டுப் பார்த்தார்.

"தொண்ணூத்தொம்பதுங்க அம்மணி! சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடுங்க. உங்க பர்மனென்ட் ஆர்டர் டிராயர்லதான் இருக்குது, நானும் போட்டுடறேனுங்க."

ரூத் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள்; சுட்டது. சூடேறினால் ஸ்பிரிட் லேசாகும், ஹைட்ரோமீட்டர் கூட்டித்தான் காட்டும். மாதிரியைப் பானைத் தண்ணீரில் ஆறவைத்து, அட்டவணைப்படி சூட்டைக் கழித்துப் பார்த்தாள். தொண்ணூற்று மூன்று. வறுத்து வெளுத்த மயில்துத்தத் தூளை ஒரு சிட்டிகை அதில் போட்டாள். தண்ணீர் பட்டால்தான் அது நீலமாகும். பளிச்சென்று நீலமானது.

"துளி ஈரத்துக்கெல்லாம் பாத்தா ஆகுங்களா?" என்றார் அழகிரிசாமி.

"சரிங்க சார், போடறேன். இதையே பெட்ரோல்ல கலந்து உங்க ஸ்கூட்டர்ல ஊத்தித் தாரேன். கேட்டு வரைக்கும் போயி ஓட்டிட்டே திரும்பி வந்துருங்க, போதும்."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இருந்த பெட்ரோலை இறக்கச் சொல்லிவிட்டு, கலவையை நிரப்பிக் கிளம்பினார். தண்ணீர் கலந்த ஸ்பிரிட் பெட்ரோலோடு ஒட்டாமல் டேங்கின் அடியில் இறங்கியது. என்ஜினுக்கு முதலில் போனதும் அதுதான். கேட்டருகே ஸ்கூட்டர் இருமி நின்றது. முப்பது உதை உதைத்தும் அசையவில்லை. கரும்பு வண்டிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வந்தவரை, "ஏனுங்க சார், வாக்கிங்குங்களா?" என்று வண்டிக்காரர் ஒருவர் மரியாதையாக விசாரித்தார்.

ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்த ரூத், அவர் உள்ளே வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஏழு வருஷமும் போச்சு என்று நினைத்தாள்.

அவர் சான்றிதழைக் கிழித்துப் போட்டார். டிராயரைத் திறந்து, உத்தரவில் கையெழுத்திட்டு நீட்டினார். ரூத் அதை இரண்டு தரம் படித்தாள். கண் நிறைந்துவிட்டது.

வெளியே அதிகாரிகளின் கார் வந்து நின்றது. அழகிரிசாமி நாற்காலியில் சாய்ந்து வியர்வையைத் துடைத்தார்.

"இப்ப நீங்க பர்மனென்ட்டுங்க அம்மணி. ஸ்பிரிட்டு தேறலைன்னு நீங்களே போயி அவிங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. இனி அது உங்க வேலைங்க."

உத்தரவைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் ரூத் வெளியே போனாள்.