ஒப்பீட்டுப் படிவத்தில் இல்லாத கட்டம்

பொதுத்துறை நிறுவனமொன்றில் கொள்முதல் அதிகாரியாக இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். மூன்று கொட்டேஷன்களும் ஓர் ஒப்பீட்டுப் படிவமும் இல்லாமல் குண்டூசி வாங்கக்கூடக் கையெழுத்திட்டதில்லை. ஓய்வுபெற்ற பின் வங்காளத் தலைநகரில் எங்கள் பாலிகஞ்ச் வீட்டுக்கு மின்விசிறி வாங்கியதும் அந்த முறைப்படியே. ஆகவே, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் மடிக்கணினி ஒன்று வாங்கத் தீர்மானித்தபோது, நீள்தாளில் தடித்த பேனாவால் கட்டங்கள் வரைந்தேன். எடை, நினைவகம், மின்கலம் தாங்கும் நேரம், உத்தரவாதம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டேன். ஒரு கட்டத்தை மட்டும் வேண்டுமென்றே வரையவில்லை.

என் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடியால் பயனில்லை என்று மருத்துவர் சொன்னதை மனைவிக்கும் தெரிவிக்கவில்லை. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கையை எழுதி, பொதுக்கூட்டத்தில் நின்று வாசிப்பது பதினான்கு ஆண்டுகளாக என் பொறுப்பு. விஷயம் வெளியே தெரிந்தால் அன்றே அது வேறொருவர் கைக்குப் போய்விடும். கணினியில் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். அதைத் தாளில் எழுதினால் காரணத்தையும் எழுதியதாகிவிடுமே!

சாந்தினி சந்தையில் கடைக்காரர் என் படிவத்தை மரியாதையோடு புரட்டிப் பார்த்தார்.

"ஷொப் ஆச்சே, மேஷோமஷாய். கிந்து கீ காஜ் கொர்பேன்?" என்றார். எல்லாம் இருக்கிறது பெரியவரே, ஆனால் என்ன வேலைக்கு என்று கேட்டார்.

"பொதுவான வேலை," என்று சுருக்கமாக வங்காள மொழியில் பதிலளித்து, முதலிடம் பெற்றிருந்த இயந்திரத்தைச் சுட்டினேன். எடை குறைந்தது, ஆகவே திரையும் சிறியது. அவர் என் தாய்மொழி எதுவென்று கேட்டு, அதில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் எறும்புச் சாரை.

"மிகத் தெளிவாக இருக்கிறது," என்றேன்.

அருகிலிருந்த என் மனைவி தமிழில் கேட்டாள்: "அப்படியா? தலைப்பு என்ன போட்டிருக்கு, படிங்கோ."

"கடையில் வைத்தா பரீட்சை?"

"எட்டு மாசமா பேப்பரை யார் படிச்சுச் சொல்றா? கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு என் புடவைத் தலைப்புதான் நைஞ்சு போச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சேளா?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. என் முகம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் உள்ளே சென்று, என் படிவத்தில் கடைசி இடம் பெற்றிருந்த கனத்த, அகலத்திரைக் கணினியைக் கொண்டுவந்தார். அதே பக்கத்தைத் திறந்து இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். மீண்டும், மீண்டும் அழுத்தினார்.

எறும்புகள் விலகின. வெண்மையின் நடுவே ஒரு 'மே' எழுந்து நின்றது, கோயில் கதவு அகலத்தில். அதன் கொம்பும் வளைவும் கருமையாக, முழுமையாகத் தெரிந்தன. ஐந்து வயதில் நெல்லில் எழுதப் பழகியபோதுகூட ஓர் எழுத்தை அவ்வளவு அருகில் கண்டதில்லை. பார்வையைச் சற்று ஓரமாகச் சாய்த்து, "மேட்டூர் அணையில் நீர்மட்டம் உயர்வு," என்று படித்தேன். குரல் சற்று உரத்துவிட்டது போலும். பக்கத்துக் கடையில் இருவர் திரும்பிப் பார்த்தனர்.

"பாஹ்!" என்று மெச்சினார் கடைக்காரர். அணையை அவர் அறியார்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். கடைசி இடத்தைப் பெற்றதையே வாங்கினேன். என் வாழ்நாளில் விதியை மீறிய ஒரே கொள்முதல் அது.

அவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் மேசைமீது கணினியைத் திறந்து வைத்து, ஒரு திரைக்கு நான்கே வரிகளாக அறிக்கையை வாசித்தேன். பதினைந்தாம் முறை, ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. காலத்தோடு நடைபோடுகிறேன் என்று தலைவர் பாராட்டினார். மறுக்கவில்லை. இரண்டாம் வரிசையில் என் மனைவி புடவைத் தலைப்பை உதறிச் சரிசெய்துகொண்டாள்.