இடது பின்சக்கரத்துச் சத்தம்

அத்தையைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டிய ஆவணி மாதத்தில்தான் எங்கள் காருக்கு அந்தச் சத்தம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. தாத்தா முதுநகரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தார். சீமைக்குக் கப்பலேறிய யாரோ ஒரு துரை விற்றுவிட்டுப் போன கறுப்புக் கார் கைமாறிக் கைமாறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. தாத்தாவுக்கு ஓட்டத் தெரியாது. பின்சீட்டில் உட்கார நன்றாகத் தெரியும். ஓட்டுவது சித்தப்பா.

சித்தப்பாவின் காது ஊரில் பெயர் பெற்றது. எஞ்சின் ஓடுவதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லிவிடுவார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வரும் லாரிக்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு எங்கள் காரின் சத்தம் மட்டும் பிடிபடவில்லை.

அத்தை தை மாதம் கல்யாணமாகி, சிதம்பரம் மேல வீதியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். முன்பெல்லாம் என்னோடு பல்லாங்குழி ஆட உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். இப்போது பாதி ஆட்டத்தில் கையில் சோழிகளை வைத்துக்கொண்டு, போட மறந்து உட்கார்ந்திருப்பாள். கல்யாணமானால் மறதி வரும் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். தாத்தா முன்னால், அத்தையும் நானும் பின்னால். பெண்ணோடு ஒரு சிறுமி துணைக்குப் போக வேண்டும் என்பதால் எனக்கு அந்தப் பதவி. தெரு இரைச்சலிலும் எங்கள் பேச்சிலும் ஆலப்பாக்கம் வரை எதுவும் காதில் விழவில்லை. ரயில் கேட் சாத்தியிருந்தது. வண்டி வேகம் குறைந்தது. அப்போது என் பக்கத்துப் பின்சக்கரத்தில் டொக், டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக்.

சித்தப்பா இறங்கி, சாலையில் மண்டியிட்டுச் சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டார். பேரிங் மாதிரி இருக்கிறது, வழியில் இறுகிக்கொண்டால் ஆபத்து என்றார். கேட் திறந்து வண்டி வேகமெடுத்ததும் சத்தம் நின்றுவிட்டது. தாத்தா, அதான் போயிடுச்சே, ஓட்டு என்றார்.

"நின்னுடுச்சுன்னு நம்ப முடியாதுப்பா. பொண்ணை வச்சிக்கினு போறோம்" என்றார் சித்தப்பா.

பெண் என்றதும் தாத்தா வண்டியைத் திருப்பச் சொன்னார். திரும்பி வந்துவிட்டோம்.

பஸ்ஸிலோ ரயிலிலோ அனுப்பலாமே என்று அம்மா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். சம்பந்தி வீட்டு வாசலில் சொந்தக் காரில் போய் இறங்குவதாகச் சொல்லியாயிற்று. இனி பஸ்ஸில் போனால் மண்டி நொடித்துவிட்டது என்று சிதம்பரம் முழுக்கப் பேசுவார்கள் என்பது தாத்தாவின் கணக்கு. எனவே கார் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெக்கானிக்கிடம் போனது. சித்தப்பா கூடவே இருந்து, சக்கரங்களைத் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தாராம். மெக்கானிக் எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் போட்டு, ஒன்றுமே இல்லையே என்று கையை விரித்துவிட்டார்.

இரண்டாவது நல்ல நாளில் எங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் டொக், டொக். மெக்கானிக்குக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் தாத்தா. வீட்டுக்குள் போனதும் அத்தையே பல்லாங்குழியை எடுத்து வந்தாள். அன்று ஒரு சோழியைக்கூட மறக்காமல் ஆடினாள்.

எனக்கோ அந்தச் சத்தத்தைத் தவிர வேறு நினைப்பில்லை. அது எப்போதெல்லாம் வருகிறது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். சித்தப்பா காரைக் கொட்டகையிலிருந்து எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் ஓடிப்போய்க் கேட்பேன். ரயில் கேட்டில் வந்தது. திருப்பத்தில் வந்தது. மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தபோது வந்தது. வேகமாகப் போனபோது ஒரு தடவைகூட வரவில்லை. கெட்டுப்போன சாமான் வேகமாகப் போனால்தானே ஜாஸ்தி கத்த வேண்டும்?

அம்மாவின் தையல் மிஷினுக்கு அடியில் ஒரு பெரிய சக்கரம் உண்டு. காலியான பவுடர் டப்பா ஒன்றில் புளியங்கொட்டையைப் போட்டு மூடி, அந்தச் சக்கரத்தில் நூலால் கட்டினேன். மெதுவாக மிதித்தால் டொக், டொக். வேகமாக மிதித்தால் சத்தமே இல்லை. கொட்டை டப்பாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலை எடுத்ததும் மறுபடியும் டொக். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காரின் சக்கரத்துக்கு நடுவிலும் டப்பா மூடி போல ஒரு பளபளப்பான தகடு இருந்தது. அதற்குள் ஏதோ கிடந்து உருள்கிறது.

உடனே சித்தப்பாவிடம் ஓடிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் இருக்கும்போது சொல்லிப் பெயர் வாங்க வேண்டும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குள் சிதம்பரத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. பெண்ணை அனுப்ப மனமில்லையா என்று அத்தையின் மாமியார் எழுதச் சொல்லியிருந்தார். மூன்றாவதாக ஒரு நல்ல நாள் குறித்தார்கள். வாசலில் பலகாரக் கூடையோடு எல்லோரும் நிற்க, சித்தப்பா காரை நகர்த்தினார். டொக். அவர் நிறுத்திவிட்டு, இன்னிக்கும் முடியாதுப்பா என்றார்.

"சித்தப்பா, மூடிக்குள்ள என்னமோ கெடக்கு. மெதுவா போனாத்தான் கத்துது. தெறந்து பாருங்க" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். எல்லாம் நாங்க பார்த்தாச்சு, நீ உள்ளே போ என்றார். நான் விடவில்லை. தையல் மிஷின், புளியங்கொட்டை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். தாத்தாவுக்கு என்ன தோன்றியதோ, அவரே திருப்புளியை வாங்கி மூடியை நெம்பினார். இரும்பு நட்டு ஒன்று மண்ணில் விழுந்தது. சக்கரத்தில் இருக்க வேண்டிய நட்டெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இது உபரி.

மெக்கானிக்தான் கவனமில்லாமல் விட்டிருப்பார் என்று தாத்தா அவர் தலையில் பழியைப் போட்டார். மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே சத்தம் இருந்ததே என்று யாரும் கேட்கவில்லை. தாத்தா என்னைத் தூக்கி, "உன் சித்தப்பனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினார். அத்தை ஒரு கணம் நட்டைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவை. பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு காரில் ஏறினாள்.

அந்தப் பயணத்தில் சத்தமே இல்லை. புவனகிரி தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் ஊர்ந்தபோதுகூட இல்லை. மேல வீதி வீட்டில் நுழைந்ததும் மாமியார் முதலில் கேட்டது அத்தையின் பெட்டிச் சாவியை. அத்தை தானே இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் நட்டுக் கதையைச் சொல்ல, அத்தையின் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பா காபி வேண்டாம் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

புருஷன் கை நீட்டி அடிப்பார் என்பதை அத்தை சித்தப்பாவிடம் மட்டும் சொல்லி, தாத்தாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நட்டைப் போட்டது தான்தான் என்று என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் சித்தப்பாவே சொன்னார். மெக்கானிக்கிடம் போனபோது எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்பியதும் மறுபடி போட்டாராம். நாங்கள் கொண்டுபோய் விட்ட அந்த வருஷமே மார்கழியில் அத்தை ஒரு துணிப்பையோடு தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்று சித்தப்பா தாத்தாவுக்கு எதிரே நின்று வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். அத்தை மறுபடி மேல வீதிக்குப் போகவில்லை. ஆனால் நடுவில் நான்கு மாதங்கள் அவள் அங்கே இருந்தாள்.

அத்தையை விட்டுவிட்டுச் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது தாத்தா பின்சீட்டில் தூங்கிவிட்டார். நான் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

"மெதுவா ஓட்டுங்க சித்தப்பா. சத்தம் போயிடுச்சான்னு பாக்கலாம்."

அவர் மெதுவாக ஓட்டினார். புதுச்சத்திரம் வரை ஊர்ந்தே போனோம். ஒன்றும் கேட்கவில்லை இல்லையா என்று பெருமையோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. சாலையில் புழுதி ஜாஸ்தி என்று நினைத்து, என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.