ஒரு படகா, பல படகா?

மென்பொருள் வேலை என்றால் பெரிய கணிதம் என்று பலர் நினைக்கிறார்கள். என் வேலை, வந்து நிற்பது ஒரு பொருளா, பல பொருள்களின் தொகுப்பா என்று கண்டுபிடிப்பது மட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, எதைத் தொட்டாலும் உடைந்துவிடுமோ என்று நடுங்குகிறவர்களே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கொக்குவிலில் ஒரு வீட்டின் முன்னறைதான் எங்கள் அலுவலகம். நிரந்தரமானவர்களுக்கு உட்காரச் சக்கரக் கதிரை, தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரை என்பது அங்கே வழக்கம். நான் பிளாஸ்ரிக். கரைக்கு வரும் படகுகளைத் திரையில் காட்டக் குருநகர்ப் படகுக்காரர் சிலர் கேட்ட செயலி சரியாக ஓடினால்தான் என் கதிரை மாறும் என்று முதலாளி குகன் அண்ணை சொல்லியிருந்தார்.

பையும் பார்சலும்

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் சாவகச்சேரிச் சந்தையில் யார் கேட்டாலும் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு அம்மாவுக்கு. "நீ அங்கை என்னடி செய்யிறாய்? சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

ஓரிடத்துத் தரவை இன்னோரிடத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றிக்கொடுக்கும் நிரல் நூலகம் எங்களுடையது என்றேன். அம்மாவின் முகம் மாறவில்லை. சோற்றுப் பார்சல் உதாரணத்துக்கு இறங்கினேன். ஒரு பார்சல் வந்தால் அதை அப்படியே மாற்றலாம். பார்சல்கள் நிறைந்த பை வந்தால், திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மாற்றவேண்டும். எது பை, எது பார்சல் என்று நிரலுக்குத் தானாகத் தெரியாது; நான்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். "பையையும் பார்சலையும் பிரிச்சறியவோ உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினது?"

எட்டுப் படகு

உள்ளே பல கூறுகள் வரிசையாக இருந்தால் அது தொகுப்பு. இதுதான் என் முதல் விதி. ஆனால் ஒரு பெயரும் எழுத்துகளின் வரிசைதானே! படகுக்காரர் சார்பில் எங்களோடு கதைக்கும் மரியதாஸ் அண்ணையின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். 'ம' ஒரு படகு, 'ர' ஒரு படகு, 'ரி'யின் விசிறி தனியாக ஒரு படகு, 'ஸ்' மேலுள்ள புள்ளி தனியாக ஒரு படகு என்று திரையில் எட்டுப் படகுகள் இறங்கின.

பக்கத்தில் இருக்கும் தர்சி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, சக்கரக் கதிரையோடு சுவர்வரை உருண்டுபோய்ச் சிரித்தார். "ஒரு படகுக்காரனை எட்டுப் படகுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி ஆக்கிப்போட்டாய். மனுசன் அறிஞ்சால் உன்ரை பேரிலை கோயிலிலை நன்றிப் பூசை ஒப்புக்குடுக்கும்!"

யார் வீட்டுப் பிள்ளை

பயந்துபோய் விதியை இறுக்கினேன். 'பட்டியல்' என்ற வகையில் பிறந்தது மட்டுமே தொகுப்பு, மற்றதெல்லாம் தனிப்பொருள். தர்சி அக்கா தன் பகுதிக்கென்று சொந்தமாக ஒரு தொகுப்பு வகை செய்திருந்தார். அது படகுகளை வைத்திருக்கும், கேட்டால் ஒவ்வொன்றாகத் தரும். பட்டியல் என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை. என் விதி அந்தத் தொகுப்பு முழுவதையும் பெயரில்லாத ஒற்றைப் படகாக்கிவிட்டது.

"என்ரை படகெல்லாம் எங்கையடி?"

"அது பட்டியல் வகை இல்லையே, அக்கா."

"கலியாண வீட்டிலை பிறப்புச் சாட்சிப் பத்திரம் பார்த்தோ பந்தியிலை இருத்துறனீ?"

முதற் படகு

அக்கா சொன்னதும் நியாயம்தான். பெயர் போன்ற எழுத்துத் தொடர்களைப் புறம்பாக்கிவிட்டு, மற்றவற்றிடம் பிறப்பைக் கேட்பதை நிறுத்தினேன். "ஒன்று தா" என்று கேட்பேன், தந்தால் தொகுப்பு. அலுவலகத்தில் எல்லாச் சோதனையும் தேறியது. அடுத்த நாள் காலை குருநகர்க் கரையில் வெள்ளோட்டம். வந்துசேரும் படகுகளின் விபரம் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறவேண்டும். முதலில் வந்தது மரியதாஸ் அண்ணையின் படகு. திரை வெறுமையாக இருந்தது. இரண்டாவது படகு ஏறியது, மூன்றாவது ஏறியது. அவருடையது மட்டும் இல்லை.

"நான் கடலுக்குள்ளை நிக்கிறன் போலை," என்றார் அவர், காலடியில் மீன் கூடையோடு.

நிரலை வரி வரியாகப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. அலுவலகத்துச் சோதனைத் தொகுப்புகள் எத்தனை தரம் கேட்டாலும் முதலிலிருந்து தரும். கரையிலிருந்து வரும் தொகுப்போ ஒருமுறை தந்ததைத் திரும்பத் தராது. தொகுப்பா என்று பார்க்க நான் எடுத்த ஒன்று, அவருடைய படகு. குகன் அண்ணை பக்கத்தில் நிற்க, மரியதாஸ் அண்ணையிடம், "பிழை என்ரை, அண்ணை. பார்க்க எடுத்ததை நான் திருப்பி வைக்கேல்லை," என்றேன்.

மரியதாஸ் அண்ணை கரையே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "தங்கச்சி, மீன் வாங்க வாற சனம் தூக்கிப் பார்த்திட்டு வைக்கும். நீங்கள் தூக்கிக்கொண்டெல்லோ போயிட்டியள்!"

கதிரை

எடுத்துப் பார்த்ததை வரிசையின் முன்னால் திரும்பச் சேர்க்க இரண்டு வரிகள் போதுமாயிருந்தன. மறுநாள் கரையில் அவருடைய படகு முதலாவதாகத் திரையில் ஏறியது. என் முகத்துக்கு முன்னால் ஒரு விளைமீனைத் தூக்கிக் காட்டிவிட்டு, மிகக் கவனமாகக் கூடைக்குள் திருப்பி வைத்தார். பிறகு அதையே பையில் போட்டு அம்மாவுக்கென்று தந்தார்.

மீன் பையோடு அலுவலகம் வந்தால், என் மேசைக்கு முன்னால் சக்கரக் கதிரை நின்றது. யாருடையதோ தெரியாது என்று நுனியில் இருந்தேன். அது பின்னால் உருண்டது. உள்ளறையிலிருந்து குகன் அண்ணையின் குரல் வந்தது. "முழுசா இரும் பிள்ளை, அது உம்மடை கதிரைதான்."

ஆக, எங்கள் தொழிலில் எதையும் தொட்டுப் பார்க்கலாம், தூக்கிப் பார்க்கலாம், ஆனால் திருப்பி வைக்கப் பழகும்வரை பிளாஸ்ரிக் கதிரைதான்.