தேவசகாயம் சொன்ன ஒரே பொய்

அவரைப் பார்க்கப் போவதற்காகத்தான் அன்று காலை கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் நின்றிருந்தேன். "வர்றப்போ கொழுந்து வெத்தலையா பாத்து வாங்கினு வாபா" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தார். வெற்றிலை பையில் இருந்தது. அப்போதுதான், ஓய்வுபெற்ற நில அளவையாளர்களான நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தேவசகாயம் விடியற்காலையில் போய்விட்டார். செங்கல்பட்டு வண்டி வந்தது, ஏறிக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது. "எங்க அப்பன் பேர்ல ஒரு சென்ட் பூமி கெடையாது. நான் நாட்டுக்கே எல்ல அளந்துகினு கீறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். நான் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. ஏர் ஓட்டும் சாக்கில் பக்கத்து வயல் வரப்பை ஒரு சாண் செதுக்கிக்கொள்வதை எங்கள் வீட்டில் சாமர்த்தியம் என்பார்கள். "உங்க ஊரு வரப்புக்குக் காலு மொளச்சிருக்கும்பா" என்று கேலி செய்வார். எனக்குக் கோபம் வரும்.

கிழக்கே, அண்டை நாட்டோடு சேர்ந்து எல்லைக் கற்களைச் சரிபார்க்கும் வேலைக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். அங்கே ஒரு கல்லை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அது நின்ற இடமென்று நம் வரைபடம் ஒன்றைச் சொன்னது. அவர்கள் வரைபடம், நம் பக்கமாக நாற்பதடி தள்ளி வேறொன்றைச் சொன்னது. நடுவில் நம் ஊர்க் கிழவர் ஒருவரின் பாக்குத் தோப்பு. பல வருடங்களாக அந்த ஒரு கல்லால் மொத்த வேலையும் நின்றுபோயிருந்தது.

அந்தக் காலத்து அளவையாளர்கள் எல்லைக்கல் நடும்போது அடியில் அடுப்புக்கரியைக் கொட்டி மூடுவார்கள். கல் போனாலும் கரி மக்காது. எனவே கரியைத் தேடுவது என்றும், இரண்டு நாட்டு ஆட்களும் இருக்கும்போது மட்டுமே தோண்டுவது என்றும் முடிவானது. நாம் சொன்ன இடத்தில் ஆளுயரம் தோண்டியும் ஒன்றும் இல்லை. அவர்கள் சொன்ன இடத்தில் பாதி தோண்டியபோது வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் வந்தது. அவர்களுடைய அளவையாளர் கரீம் தன் ஆட்களோடு மசூதிக்குப் போனார். தேவசகாயம் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை, கடப்பாரையை எடுத்தேன். நாலாவது குத்தில் மண் கறுத்தது. கரிதான். என் கால் தானாகவே மண்ணைத் தள்ளி அதை மூட ஆரம்பித்தது.

"இன்னாபா பண்ற?" பின்னால் தேவசகாயம் நின்றிருந்தார்.

"நம்ம நெலம் போயிடும்ண்ணே."

"நம்மளுதா இருந்தாத்தானே போறதுக்கு? வெளிய வா."

குழியில் இறங்கிக் கையாலேயே மண்ணை விலக்கினார். கரீம் திரும்பும்வரை குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். கரீம் வந்து குனிந்து பார்த்தார். பிறகு மேலே கிடந்த புது மண்ணைப் பார்த்தார். "நாங்கள் இல்லாதபோது தோண்டியது யார்?" என்று இந்தியில் கேட்டார்.

"நான்தான். அவசரப்பட்டுட்டேன். மண்ணு என் காலு பட்டு சரிஞ்சிடுச்சி" என்றார் தேவசகாயம், அரைகுறை இந்தியில்.

கரீம் அவரை நம்பினார். எல்லை எங்கே போனாலும் தோப்பு கிழவரிடமே இருக்க வேண்டும் என்று இருவரும் கூட்டுக் குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். மேலிடங்கள் இரண்டும் அதை ஏற்றன. அடுத்த இரண்டு கற்களில் தவறு அவர்கள் பக்கம் இருந்தது. கரீம் ஒரு வார்த்தை வாதாடாமல் ஒப்புக்கொண்டார். வருடக்கணக்காக நின்ற வேலை அந்தப் பருவத்திலேயே முடிந்தது.

விதியை மீறித் தோண்டியதற்கு, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தேவசகாயத்துக்கு மெமோ வந்தது. நானே ஒப்புக்கொள்கிறேன் என்றேன். "இப்ப வாயத் தொறக்காத. மூடப் பாத்தோம்னு தெரிஞ்சா அத்தினி கல்லையும் திரும்பக் கெளறுவான். வேல முடியட்டும், அப்பால சொல்லு" என்றார்.

வேலை முடிந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு எனக்கு வந்தது. நான் சொல்லவில்லை.

பிறகு சிகிச்சைக்காகச் சென்னை வந்த கரீமை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். கடற்கரையில் வறுத்த வஞ்சிரத்தைப் பிய்த்துக்கொண்டே, "இவரைப் போல உண்மை பேசும் மனிதரை நான் பார்த்ததில்லை" என்று கரீம் என்னிடம் சொன்னார். தேவசகாயம் என்னைப் பார்க்கவே இல்லை. "முள்ளு கீது, பாத்துத் துன்னுங்க" என்று மீனைத் திருப்பி வைத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது.

அடக்கத்தன்று நீங்கள் எல்லாரும் ஒரே குரலில், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றீர்கள். தெரியும். ஒரே ஒரு முறை, எனக்காகவும் அந்த எல்லைக்காகவும் சொன்னார். அதை இத்தனை காலம் நான் பத்திரமாக வைத்திருந்தேன், எனக்குச் சௌகரியமாக இருந்ததால். அன்று மண்ணைத் தள்ளியது என் கால். இதைக் கரீமுக்கும் எழுதி அனுப்பிவிட்டேன். இனி என்னிடம் மிஞ்சியிருப்பது "அப்பால சொல்லு" என்ற அவருடைய குரல்தான். சொல்லிவிட்டேன் அண்ணே, நீங்கள் கேட்க இல்லாதபோது.